சத்தமாக வாசிக்கும் பிரவுசர்

எந்த பிரவுசர் நல்லது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், நான் தேவைக்கு மேல் பேசுவேன். வீட்டில் இதனாலேயே எனக்குக் கெட்ட பெயர். ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் போனைத் தடவிக்கொண்டே, "எல்லாம் ஒண்ணுதானங்க" என்று சொல்லிவிட்டார். மோர் ஊற்றும்வரை அவரை நான் விடவில்லை. எல்லாம் ஒன்றில்லை. ஒன்றாக இருந்திருந்தால் நான் கடைசி மூன்று வருஷம் அந்த வேலையில் நீடித்திருக்க முடியாது. நீடித்திருக்கலாமா என்பது வேறு கேள்வி. இங்கே சொல்ல வந்தது அதைத்தான்.

விருதுநகரிலிருந்து தினமும் விடிந்ததும் பஸ் ஏறி சிவகாசி போய், அங்கிருந்து கம்பெனி வேனில் விஸ்வநத்தம் தாண்டி ஒரு பட்டாசு ஆலைக்குப் போவேன். பேருக்குத்தான் கணக்கர். கணக்கையெல்லாம் டவுன் ஆபீசில் பார்த்துக்கொண்டார்கள். என் தலையில் விழுந்தது லைசென்ஸ், ரிட்டர்ன், இன்ஸ்பெக்‌ஷன் காகிதம், எந்த அரசாங்க இணையதளத்தில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்கிற வகையறா. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரே நாற்காலி. கம்ப்யூட்டர் வந்தால் வேலை குறையும் என்றார்கள். காகிதத்தை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்துகொண்டிருந்தேன்.

ஐம்பத்து நான்காவது வயதில் கண் போக ஆரம்பித்தது. முதலில் பஸ்ஸின் ஊர்ப் பலகை. கண்டக்டரிடம் கேட்டால், "அங்கன எளுதித்தான இருக்கு, பாத்து ஏறுங்க" என்பார். பிறகு பேப்பரில் பொடி எழுத்து, பிறகு பெரிய எழுத்து. சுகர் கண்ணுக்குள் இறங்கிவிட்டது என்று மதுரையில் டாக்டர் சொன்னார். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். மேலும் போகாமல் நின்றது, போனது போனதுதான். எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் மங்கிவிடும், ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரியும். எதிரில் நிற்பவரின் இரண்டு காதும் தெரியும், மூக்கு தெரியாது. ஊசிக்குப் போகிற நாளெல்லாம் ஆபீசில் கல்யாணம் என்று லீவு சொன்னேன். அந்த வருஷம் என் சொந்தத்தில் ஏழு கல்யாணம் நடந்தது.

ஆபீசில் சொல்லியிருக்கலாம். பயம், சொல்லவில்லை. கண் தெரியாதவனை வைத்துக்கொண்டு யார் லைசென்ஸ் வேலை பார்ப்பார்கள்? அந்த நாற்காலி போனால் எனக்கு வேறு நாற்காலி கிடையாது. காலையில் குளித்து, சட்டை மாட்டி, எங்கேயும் போகாமல் வீட்டுக்குள் சுற்றிவருகிற ஆளாகிவிடுவேன். என் மனைவிக்கு ஊசி விஷயம் தெரியும். "மொதலாளிட்ட சொல்லிட்டீகளா" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன்.

மறைப்பதற்கு உடந்தையாக இருந்தது பிரவுசர்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த பழசு எனக்குச் சரிப்படாமல், நானே ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்துப் பிடித்தது. அதில் கண்ட்ரோலை அமுக்கிக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் எழுத்து பெரிதாகும். இது எல்லாவற்றிலும் உண்டுதான். ஆனால் எந்தத் தளத்தை எவ்வளவு பெரிதாக்கினேன் என்பதை இது நினைவு வைத்துக்கொள்ளும். வெடிபொருள் துறை இணையதளம் இருநூறு சதவீதம், மெயில் நூற்றெழுபத்தைந்து. மறுநாள் திறந்தால் நான் விட்ட இடத்தில் நிற்கும். மனிதர்களில் அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது.

வெள்ளைத் திரை கண்ணில் குத்தும். அதைக் கறுப்பாக்கி எழுத்தை வெள்ளையாக்க ஒரு வழி இருந்தது. விளம்பரம், படம், ஆடுகிறது, மின்னுகிறது எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வெறும் எழுத்தை மட்டும் காட்ட இன்னொரு பொத்தான். ஒரு பக்கத்தில் நமக்கு வேண்டிய சொல் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னால் அங்கே கொண்டுபோய் நிறுத்தி மஞ்சள் பூசிக் காட்டும். எங்கள் பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போகும். வந்தபின், திறந்து வைத்திருந்த பதினைந்து பக்கத்தையும் அப்படியே திருப்பிக் கொடுக்கும். கம்பெனி விலாசம், லைசென்ஸ் நம்பர், போன வாரம் ஒரு கட்டத்தில் அடித்தது, போன வருஷம் அடித்தது, எல்லாம் முதல் எழுத்தைத் தட்டியதும் கீழே வரிசையாக வந்து நிற்கும், நான் எடுத்துக்கொண்டால் போதும். பாஸ்வேர்டு ஒன்றுகூட எனக்கு ஞாபகம் கிடையாது. அதற்கு எல்லாம் தெரியும்.

இவ்வளவுக்கும் மேலே ஒன்று உண்டு, சத்தமாக வாசிப்பது. பக்கத்தைத் தமிழாக்கச் சொல்லி, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டால் ஒரு பெண்குரல் நிதானமாக வாசிக்கும். நான் பாட்டுக் கேட்கிறேன் என்று ஆபீசில் நினைத்தார்கள். அந்தத் தமிழ் தனித் தமிழ். பட்டாசு மருந்தை ஆங்கிலத்தில் கம்போசிஷன் என்று எழுதியிருப்பான், குரல் அதை 'இசையமைப்பு' என்று வாசிக்கும். "ஒரு கொட்டகையில் அனுமதிக்கப்பட்ட இசையமைப்பு" என்று முதல் தடவை கேட்டபோது தனியாகச் சிரித்துவிட்டேன். பிறகு பழகிவிட்டது. இசையமைப்பு என்றால் மருந்து, கொட்டகை என்றால் ரூம். அவளும் நானும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டோம்.

பட்டாசுக்குள் மருந்து செலுத்துகிற ரூம்களில் மூத்தவளான ஒரு பெண் இருந்தாள். மற்ற பெண்கள் அவளை அக்கா என்பார்கள், இங்கே நானும் அப்படியே சொல்கிறேன். மத்தியானம் குடிதண்ணீர் பிடிக்க ஆபீஸ் பக்கம் வருவாள். ஒருநாள் ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, கட்அவுட் கணக்கா எளுத்து இம்புட்டுப் பெருசா வச்சிருக்கீக" என்றாள். பெரிதாக வைத்தால்தான் தப்பு வராது என்றேன். "அதும் சரிதான்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆபீஸ் கேட்டுக்கு வெளியேதான், ஆலைக்குள் இறங்கிவிட்டால் பிரவுசர் கிடையாது. போனை கேட்டிலேயே ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே போக வேண்டும், முதலாளி உள்பட. வெளியே இருக்கும்போது எதையாவது வாசிக்கப் போன் கேமராவைப் பூதக்கண்ணாடி மாதிரி பிடித்துச் சமாளிப்பேன். உள்ளே அதுவும் இல்லை. ரூம்கள் தள்ளித் தள்ளி வேம்புகளுக்கு நடுவே நிற்கும். ஒவ்வொரு ரூம் கதவுக்குப் பக்கத்திலும் ஒரு போர்டு: ரூம் நம்பர், எத்தனை ஆள், எத்தனை கிலோ மருந்து. அந்தக் கிலோ சும்மா போட்டதில்லை. ஒரு ரூம் வெடித்துப் போனால் பக்கத்து ரூமும் சேர்ந்து போகக்கூடாது என்று இடைவெளியை அளந்து கொடுக்கிற எண் அது. லைசென்சில் இருப்பதைப் பார்த்து அந்தப் போர்டுகளுக்குப் பட்டியல் கொடுப்பது என் வேலை.

போன சீசனுக்கு முன்னால் புதிதாகச் சில ரூம்கள் கட்டினோம். அனுமதி உத்தரவு மெயிலில் வந்தது. எந்தக் காலத்து மெஷினிலோ அச்சடித்து, முத்திரை குத்தி, மடித்து, பிறகு ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். பிரவுசருக்கு அது எழுத்து இல்லை, வெறும் படம். தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை என்றது. வாசிக்கச் சொன்னேன், அவள் வாயே திறக்கவில்லை. இருநூறு, முந்நூறு, நானூறு என்று பெரிதாக்கினேன். பெரிதாக்க ஆக்க எண்கள் மசிக்கறையாக ஊறின. மூஞ்சியைச் சாய்த்து, ஓரக்கண்ணால், ஒவ்வொரு ரூமாகப் பார்த்து எழுதினேன். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை, மூன்று மணி நேரம் ஆனது.

பத்தொன்பதாம் நம்பர் ரூமில் மாட்டிக்கொண்டேன். அது மூன்றா எட்டா என்று தெரியவில்லை. இடது பக்கம் மூடியிருப்பது போலவும் இருந்தது, திறந்திருப்பது போலவும் இருந்தது. எதிர் மேஜையில் டெஸ்பாட்ச் பார்க்கிறவர் இருந்தார். "இது என்ன நம்பர்னு பாருங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தலையைத் திருப்பிச் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. அன்றைக்குக் காலையில்தான் அவர், "என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரி சாஞ்சு பாக்கீக, களுத்துப் பிடிப்பா" என்று கேட்டிருந்தார். இரண்டாவது தடவை அவர் கண்ணில் படக்கூடாது என்று இருந்தேன்.

ரூம் விவரம் ஏற்றுவதற்கு எங்களுக்கென்று ஒரு படிவம் உண்டு, பிரவுசரில்தான் திறக்கும். கிலோ போடும் கட்டத்தில் கர்சரை வைத்தேன். முன்னால் நான் அடித்திருந்த எண்களெல்லாம் வழக்கம்போல் கீழே வந்து நின்றன. எட்டு முதலில் நின்றது. அதற்கு முந்தின நாலைந்து ரூமுக்கும் நான் எட்டுதான் போட்டிருந்தேன், அதனால் நின்றது. பிரவுசருக்கு ரூமும் தெரியாது, மருந்தும் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது, பக்கத்தில் விவரமான ஒரு ஆள் குனிந்து பார்த்து "எட்டுதான்" என்று சொன்ன மாதிரி இருந்தது. எடுத்துக்கொண்டேன். அப்பாடா என்று இருந்தது, அதை மறைப்பானேன். பட்டியலை பிரிண்ட் எடுத்து போர்டு எழுதுகிறவரிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

புது ரூம்களில் வேலை தொடங்கி மூன்று நாள் ஓடியது. ஆர்டர் நெருக்கம். லோடு ஏற்ற லாரிகள் கேட்டுக்கு வெளியே நின்றன. போர்மேன் அந்தச் சீசனுக்குப் புதிதாக வந்தவர். போர்டில் என்ன இருக்கிறதோ அதன்படி மருந்து கொடுத்தார். அவர்மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

நான்காம் நாள் காலை, சுமார் பத்தரை. ரிட்டர்ன் போடத் துறை இணையதளத்தைத் திறந்தேன். லைசென்ஸ் நம்பரைப் போட்டதும் புது ரூம்கள் எல்லாம் ஒரு அட்டவணையாக வந்தன. இந்தத் தடவை நிஜ எழுத்து. தமிழாக்கச் சொல்லி, ஹெட்செட்டை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டேன். அதுதான் ஒரு நாளில் எனக்குக் கிடைக்கிற ஓய்வு. அவள் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தாள். பதினேழு, எட்டு கிலோ. பதினெட்டு, எட்டு கிலோ. "கொட்டகை எண் பத்தொன்பது. அனுமதிக்கப்பட்ட இசையமைப்பு, மூன்று கிலோ."

நிறுத்தித் திரும்ப வாசிக்கச் சொன்னேன். மூன்று கிலோ. இன்னொரு தடவை. அதே குரல், அதே நிதானம், மூன்று கிலோ.

எழுந்தது ஞாபகம் இருக்கிறது. ஹெட்செட் வயர் இழுத்து கம்ப்யூட்டர் அசைந்தது. கேட் ஆள், "போன், அண்ணாச்சி, போன்" என்று பின்னாலேயே வந்தார், பையிலிருந்து எடுத்து அவர் கையில் திணித்தேன். உள்ளே ஓடக்கூடாது, அது ஆலையின் சட்டம். விழுந்தால், எதையாவது தட்டினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் நடந்தேன். அவ்வளவு மெதுவாக என் வாழ்க்கையில் நடந்ததில்லை. பாதையின் நடுப்பகுதி எனக்குத் தெரியவில்லை, இரண்டு ஓரமும் தெரிந்தன. பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். போதாத தூரம்.

ரூமில் அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் இருந்தார்கள். வாசலில் நின்று, கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு ஒவ்வொருவராக வெளியே வரச் சொன்னேன். அக்கா மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக வந்தாள். பதினெட்டிலும் ஆட்களை வெளியே எடுத்தோம். போர்மேன் வந்து, அதிகப்படி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்தினார். முடிகிறவரைக்கும் பெண்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். போர்டு எழுதுகிறவர் வந்து எட்டைச் சுரண்டி மூன்றாக்கினார். அந்தப் போர்டுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, மூன்றுதான் என்று நான் பார்த்துக்கொண்டேன்.

முதலாளி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அப்பாவுக்குப் பிறகு பொறுப்பெடுத்தவர், என்னை அண்ணாச்சி என்பார். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைச் சொன்னேன், ஊசியைச் சொன்னேன், ஏழு கல்யாணத்தையும் சொன்னேன். மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

"போர்ட மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு."

"ஒண்ணும் ஆகலல்ல. விடுங்க. வெளிய தெரிஞ்சா சீசன்ல பூட்டிருவாக. இம்புட்டுப் பேருக்கும் வேல போயிரும். எளுதுனவர் கை தவறிட்டார்னு சொல்லிருவோம். அவர்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க வளக்கம்போல இருங்க அண்ணாச்சி."

வழக்கம்போல இருங்க. மூன்று வருஷமாக நான் ஆசைப்பட்டது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். கண் போனது தெரிந்த பிறகும் நாற்காலி எனக்கே. சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனசு லேசாகத்தான் இருந்தது. பத்தடி நடக்கிறவரைக்கும் லேசாகவே இருந்தது.

சாயங்காலம் பெண்கள் கை கால் கழுவி, பெட்டியிலிருந்து போன்களை எடுத்துக்கொண்டு வேனுக்காகக் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். நானும் அதே வேனுக்குத்தான் நின்றேன். அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் அலுமினியம் பவுடரின் வெள்ளி மினுக்கம் கழுவியும் போகாமல் இருந்தது. அவள் காதில் போட்டிருந்த சின்னத் தோடும் தெரிந்தது. முகம் தெரியவில்லை.

"போர்டு எளுதுறவரு தப்பா எளுதிட்டாராம்ல" என்றாள்.

ஆம் என்று தலையாட்டினால் போதும். அவள் கேட்ட விதத்தில் சந்தேகம்கூட இல்லை. வேன் திருப்பத்தில் வருகிற சத்தம் கேட்டது.

"அவரு இல்ல. நான் குடுத்த பட்டியல்ல எட்டுன்னுதான் இருந்துச்சு. எனக்குக் கண்ணு தெரியல தாயி. மூணு வருசமாத் தெரியல."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன். வேன் வந்து நின்றது, மற்றவர்கள் ஏறத் தொடங்கினார்கள்.

"எங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும் அண்ணாச்சி" என்றாள். "போர்டப் பாத்துத்தான் எடுத்தோம்."

சொல்லிவிட்டு ஏறிப்போய் உட்கார்ந்தாள். வேனில் எனக்கும் இடம் இருந்தது. ஏறவில்லை. அடுத்த டிரிப்பில் வருகிறேன் என்று டிரைவரிடம் கை காட்டினேன்.

மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போனேன், கம்ப்யூட்டரைப் போடவில்லை. போர்டு எழுதுகிறவர்மேல் பழி வேண்டாம், என் கணக்கை முடித்துவிடுங்கள் என்று சொல்ல, முதலாளி வரும்வரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.